சின்ன கேட்டும் மூன்று பூட்டுகளும்

1

நான் தேர்தலில் வெற்றி பெற்றுவிட்டேன் என்னும் செய்தியை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். முறைப்படி எழுதுவோர் இத்தகைய செய்தியை நான்காம் பத்திவரை அடக்கிவைப்பர் என்பதை அறிவேன். எழுபத்து மூன்று வயதில் எனக்கு அவ்வடக்கம் கைகூடவில்லை. குடியாத்தத்து அன்பர்கள் பொறுத்தருள்வீர்களாக.

நம்மூரை விட்டுப் புறப்பட்டுப் பெங்களூரு கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் ஒரு தகரப் பெட்டியுடன் நான் இறங்கி இம்மாதத்தோடு நாற்பத்தாறு ஆண்டுகள் நிறைகின்றன. இயந்திரத் தொழிற்சாலையொன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எஞ்சியவை வாசகசாலைகளிலும் இரவல் புத்தகங்களிலும் நானே தேடிக்கொண்டவை. ஆண்டுதோறும் ஊர் மலருக்கு நான் அனுப்பும் குறிப்புகளில் இதுகாறும் இவ்வூரின் குளிரையும் பேருந்து நெரிசலையுமே எழுதி வந்தேன். இவ்வாண்டு அரசியல் எழுதுகிறேன். கூட்டணி அரசியல்! அதுவும் தொலைக்காட்சியில் கண்டதன்று. நடுவில் நின்று, கையில் கொய்யாப்பழத்துடன் கண்டது.

முதலில் இடத்தை விளக்கிவிடுகிறேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் குடியிருப்பில் பதினொரு வரிசை வீடுகள். முதல் பத்து வரிசைகள் ஒரு மதிலுக்கு உட்புறம்; அவற்றில் பாதி இப்போது அடுக்குமாடிகள். பதினோராவது வரிசை மதிலுக்கு வெளியே, பின்சந்து. தையல் ஆலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. என் வீடும் அதில்தான். மதிலில் ஒரு சின்ன இரும்பு கேட் உண்டு. அதன் வழியே சென்றால் பேருந்து நிறுத்தம் நான்கு நிமிட நடை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் யாருடைய சைக்கிளோ களவு போயிற்று. அன்று அந்தக் கேட்டில் ஒரு பூட்டு விழுந்தது. அன்றுமுதல் நாங்கள் சாக்கடையோரமாகச் சுற்றி இருபது நிமிடம் நடக்கிறோம்.

என் மகள் மாலதி மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். மதிலுக்கு உள்ளே, அந்தக் கேட்டிலிருந்து அதே நான்கு நிமிட நடையில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் அவள் வீடு. அவள் துணி உலர்த்துவது எங்கள் வாசலிலிருந்து தெரியும். என் மனைவி சரோஜாவுக்கு மூட்டுவலி முற்றியபின் சுற்றுவழி நடக்க இயலவில்லை. மகள் வீட்டுப் படியை அவள் மிதித்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மகளோ ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் சுற்றிக்கொண்டு வருவாள், பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, பிறகு கைபேசி. தாய் வாசலிலும் மகள் பால்கனியிலும் நின்று, கைபேசியில் பேசியபடியே ஒருவருக்கொருவர் கையசைப்பார்கள். இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவனால் எவ்வளவு காலம் முடியும்? நான் தேர்தலில் நின்றதற்குக் காரணம் அந்தக் கேட்டைத் தவிர வேறில்லை.

2

எங்கள் நலச்சங்கத்தின் தலைவர் கெம்பண்ணா. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவரே தலைவர். வரிசைக்கு ஓர் உறுப்பினராகப் பதினோரு பேர் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். பதினொருவரும் கூடித் தலைவரைத் தேர்வர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதினொருவரும் கெம்பண்ணாவின் ஒற்றுமை அணியினரே. அவர் தீயவரல்லர். காவிரிக் குழாய் வந்தது அவர் அலைந்த அலைச்சலால், தெருவிளக்கும் அப்படியே. ஆயினும் எப்போதும் வெல்பவரிடம் குறை சொல்லச் செல்பவர்கள் மெல்லக் குறைந்துபோகிறார்கள். வாழ்த்துச் சொல்பவர்களே மிஞ்சுகிறார்கள். கேட்டைப் பற்றி நான் நான்கு முறை மனு எழுதிக் கொடுத்தேன். நான்கு முறையும் எனக்குக் காபி வழங்கினார். காபி நன்றாகவே இருந்தது.

இவ்விடத்தில் என் தந்தையாரை நினைவுகூர வேண்டும். நம்மூரில் என் பிள்ளைப் பருவத்தில் நாடெங்கும் ஒரே கட்சி வென்றுகொண்டிருந்தது. முடிவு வெளியாகும் நாளில் தேநீர்க் கடை வானொலியருகே நிற்கும் என் தந்தையார், "யார் ஜெயிச்சது?" என்று ஒருபோதும் கேட்டதில்லை. "எத்தினி ஓட்டு வித்தியாசம்?" என்றுதான் கேட்பார். ஓராண்டு அக்கட்சி தோற்றது. அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு ஓடிவந்து, "மாறிப்போச்சுடா! மாறிப்போச்சு!" என்று கூவினார். வேடிக்கை என்னவெனில், அவர் வாக்களித்ததே தோற்ற கட்சிக்குத்தான். தன் கட்சி தோற்றதற்குக் குதித்த மனிதரை அன்றுதான் கண்டேன். காரணம் கேட்டேன்.

"எண்ணுறானுங்கடா," என்றார். "நம்ம ஓட்ட நெஜமாவே எண்ணுறானுங்க."

மற்றொரு செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

3

வேட்புமனு கன்னடத்தில் இருந்தது. இவ்வூருக்கு வந்த முதலாண்டிலேயே பேருந்துப் பலகைகளைப் பார்த்து நான் கன்னட எழுத்துகளைக் கற்றுக்கொண்டவன். ஆதலால் பிழையின்றி நிரப்பினேன். கையெழுத்தை மட்டும் நாற்பத்தாறு ஆண்டுப் பழக்கப்படி தமிழில் இட்டேன். தேர்தல் அதிகாரியாக இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"ஏகாம்பரம்னு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"அப்போ சரி. உங்க கை, உங்க எழுத்து."

சின்னங்கள் சீட்டுக் குலுக்கி வழங்கப்பட்டன. ஒற்றுமை அணிக்குத் தென்னைமரம். அடுக்குமாடிக்காரர்கள் புதிதாகத் தொடங்கிய மாற்றம் அணிக்கு டார்ச் விளக்கு. சுயேச்சையான எனக்குச் சீப்பு. என் தலையைக் கண்ட நம்மூரார் அறிவர், சீப்புக்கும் எனக்கும் உறவு முறிந்து எத்தனை காலமாயிற்றென்று! பின்சந்துப் பெண்கள் இதை வைத்தே எனக்கு இலவச விளம்பரம் செய்தார்கள். "தாத்தாவுக்குத் தேவயில்லாதத நமக்குக் குடுத்துடுவாரு, நல்ல மனுசன்" என்பது அவர்களது பிரசாரம்.

மாற்றம் அணியின் வேட்பாளர் பட்டியல் வெளியானபோது அதன் தலைமை வேட்பாளர் யாரென்று கண்டேன். என் மகள் மாலதி.

அவர்களது தேர்தல் அறிக்கை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது. தமிழில் ஓரெழுத்தும் இல்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வாக்குறுதி, சின்ன கேட்டை நிரந்தரமாகச் சுவர் எழுப்பி அடைத்தல், பாதுகாப்புக் காரணங்களுக்காக. அந்தத் தாளைச் சரோஜாவிடம் காட்டவில்லை. அலமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் அது வேட்டிகளுக்கு மேலே இருந்தது. அன்று மாலை மகள் பால்கனியில் கையசைத்தபோது, இவள் அசைக்கவில்லை.

4

வாக்கு எண்ணிக்கை சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஒற்றுமை அணி ஐந்து. மாற்றம் அணி ஐந்து. பதினோராவது வரிசை, சீப்பு.

என் இரு கால்களிலும் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஐந்தும் ஐந்தும் ஒன்றும்! அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். சென்ற நாடாளுமன்றத் தேர்தலில் தில்லியிலேயே எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. சிறிய கட்சிகளின் வாசலில் பெரிய கார்கள் நின்றதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் கண்டோம். அதே காட்சி எங்கள் பின்சந்தில் அரங்கேறியது. கார்களுக்குப் பதிலாக ஸ்கூட்டர்களும் கால்களும் வந்தன.

முதலில் வந்தவர் கெம்பண்ணா. ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகச் சாக்கடையோரமாகச் சுற்றி நடந்து வந்தார், மூச்சு வாங்கியது.

"ஏனு ஏகாம்பரம் அவ்ரே, இவ்ளோ தூரமா உங்க வீடு?"

"தூரம் இல்லீங்க. பூட்டு," என்றாள் சரோஜா, அவருக்குக் காபியை நீட்டியவாறே.

அவர் போனதும் கைபேசி ஒலித்தது. மாலதி.

"அப்பா, கங்கிராட்ஸ். சரி, நீ எங்க சைடு தானே?"

"நீங்க கேட்ட அடைக்கப் போறீங்களே மா."

"அது கமிட்டி டிசிஷன்பா. பர்சனலா எடுத்துக்காத."

"உங்கம்மா முழங்கால் பர்சனல்தானே மா?"

"ஆபீஸ் கால் வருது, அப்புறம் பேசறேன்," என்றாள்.

5

கர்நாடகத்து அரசியலில் ஒரு வழக்கம் உண்டு. நம்மூரிலும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பெரும்பான்மை ஊசலாடும்போது உறுப்பினர்களை எதிர்த்தரப்பு கவர்ந்துவிடாதபடி பேருந்தில் ஏற்றி ஊருக்கு வெளியே ஓர் உல்லாச விடுதியில் வைத்துப் பாதுகாப்பார்கள். கெம்பண்ணா இவ்வழக்கத்தைப் பெரிதும் மதிப்பவர். தலைவர் தேர்தலுக்கு முந்தைய நாள் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கே அவர் அணியைச் சேர்ந்த தையற்கடை அந்தோணி வேனுடன் வந்து நின்றார்.

"அண்ணே, ஏறுங்க. தொட்டபள்ளாபுரம் தாண்டி தலைவரோட மச்சான் தோட்டம். ஒரு நாள்தான். டிபன் அங்கதான்."

"நான் இன்னும் முடிவு பண்ணலியே அந்தோணி."

"அத அங்க வந்து பண்ணுங்க."

நான் தயங்கி நிற்கையில் சரோஜா பட்டுப்புடவையில் வெளியே வந்தாள்.

"இன்னா தோட்டம்?" என்று அந்தோணியைக் கேட்டாள்.

"கொய்யாத் தோட்டம்கா."

"தள்ளு, ஏறிக்கிறேன்."

எங்கள் திருமண வாழ்வில் இருவரும் சேர்ந்து போன முதல் உல்லாசப் பயணம் இதுதான் என்பதை வேனில் கணக்கிட்டு அறிந்தேன். ஜன்னலோரம் அமர்ந்த சரோஜா ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கூட்டணி ஆட்சி நிலையற்றது என்று பலரும் இகழ்கிறார்கள். ஒரே அணி பதினொன்றுக்குப் பதினொன்று வென்ற காலத்தில் எங்களை யாரேனும் கொய்யாத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றதுண்டா?

தோட்டத்து வாயிலில் கெம்பண்ணா ஓர் அன்னக்கூடையுடன் நின்றார். ரகசியம் காக்கும் பொருட்டு எல்லாக் கைபேசிகளையும் அதில் இடச் செய்தார். உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கினார். உறுப்பினரின் மனைவியிடம் வாங்க அவருக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் இங்கேதான் இடறியது. அரைமணி நேரத்தில் ஒரு மரத்தடியிலிருந்து சரோஜாவின் குரல் தோட்டம் முழுதும் கேட்டது.

"மாலு! நாங்க தொட்டபள்ளாபுரம் பக்கத்துல கொய்யாத் தோட்டத்துல கீறோம். ஆமாண்டி, எல்லாரும் தான். ஒனக்கு செவப்பு கொய்யாவா வெள்ளயா?"

கெம்பண்ணா அன்னக்கூடையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஹோக்லி பிடி," என்றார் அந்தோணியிடம். போகட்டும் விடு என்று பொருள்.

பதினொரு மணிக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. மாற்றம் அணியின் ஐவரும் இறங்கினர். எங்களைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் அவர்கள் முகத்தில் இருந்தது. அடுத்து என்ன செய்வதென்ற திட்டம் இல்லை. தோட்டக்காரர் யாவருக்கும் பாய் விரித்தார். நான் எண்ணினேன். பதினொருவர்! செயற்குழு முழுமையும் கொய்யா மரத்தடியில் கூடியிருந்தது.

எழுந்து நின்று என் நிபந்தனையை அறிவித்தேன். யார் தலைவரானாலும் சரி, சின்ன கேட் திறக்கப்பட வேண்டும். திறக்க ஒப்பும் அணிக்கே என் வாக்கு.

மாலதி என்னை மேடைப் பேச்சாளரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அப்பா, கேட்ட திறந்தா யார் வேணா உள்ள வருவாங்க பா. யாருன்னே தெரியாது."

சரோஜா கொய்யா நறுக்குவதை நிறுத்தினாள்.

"யாருடி வருவா? நான் வருவேன். ஒன் வூட்ல பாத்திரம் தேய்க்கிற லட்சுமி வருவா. வேற யாரு வரப்போறா?"

மாலதி தரையில் கிடந்த ஓர் இலையை எடுத்து மடித்தாள், மீண்டும் மடித்தாள்.

"கால் எப்படி இருக்குமா?" என்றாள்.

"எட்டு மாசமா போன்ல சொல்லிகினுதான் கீறேன்."

"நல்லா இருக்குன்னுதான்மா சொன்ன."

"ஆமா. நல்லாருக்குன்னு சொன்னாலும் நீயே வந்து பாப்பேன்னு நெனச்சேன்."

மாலதி எழுந்து வந்து தாயருகே அமர்ந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். மீதிக் கொய்யாக்களை அவளே நறுக்கினாள். அளவு சரியில்லை, தடித்தடியாக வந்தது. அரசியல் ரீதியாக அத்தருணத்திலேயே கூட்டணி உருவாகிவிட்டது என்பது என் கணிப்பு.

6

ஒப்பந்தம் இதுதான். முதலாண்டு கெம்பண்ணா தலைவர். மறு ஆண்டு மாலதி. எனக்குத் துணைத்தலைவர் பதவி அளிக்க முன்வந்தார்கள். மரியாதைக்காக மறுத்தேன், இரண்டாம் முறை கேட்டிருந்தால் ஏற்றிருப்பேன். கேட்கவில்லை.

சிக்கல் சாவியில் வந்தது. சாவி மாலதியிடம் இருப்பதைக் கெம்பண்ணா விரும்பவில்லை. கெம்பண்ணாவிடம் இருப்பதை மாலதி விரும்பவில்லை. என்னிடம் இருந்தால் கேட்டை நான் பூட்டவே மாட்டேன் என்று இருவரும் கருதினர். அந்த ஐயம் நியாயமானதே. ஆகவே ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவை நானே என் கைப்பட இவ்வாறு வரைந்தேன்: "மூன்று தரப்பினரும் மேற்படி கேட்டின் தாழ்ப்பாளில் தத்தம் பூட்டைப் பூட்டி, தத்தம் சாவியைத் தாமே வைத்துக்கொள்வர்." வாக்கியத்தின் அழகில் நானே சற்று மயங்கினேன். மாலதி ஆங்கிலத்திலும் அந்தோணி கன்னடத்திலும் பெயர்த்தெழுதினர். மூன்று மொழிகளிலும் எல்லாரும் கைதட்டினர்.

ஞாயிறன்று தலைவர் தேர்தல் முடிந்ததும் தேங்காய் உடைத்து, கேட்டுக்கு மாலையிட்டு, மூவரும் எங்கள் பூட்டுகளைத் தாழ்ப்பாளில் மாட்டினோம். படமெடுத்துக் கொண்டோம்.

திங்கட்கிழமை காலை சரோஜா டிபன் பாக்ஸில் பணியாரம் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். நான் பெருமிதத்தோடு முன்னே நடந்து என் பூட்டைத் திறந்தேன். மற்ற இரண்டு பூட்டுகள் தாழ்ப்பாளில் அப்படியே தொங்கின. கெம்பண்ணா திருமணத்துக்காகத் தும்கூர் சென்றிருந்தார். மாலதி அலுவலகத்தில்.

முப்பதாண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன் நான். ஒரே தாழ்ப்பாளில் மூன்று பூட்டு தொங்கினால் மூன்று சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் என்பதை நடை பழகும் குழந்தைகூட அறியும். வாக்கியம் எழுதிய கை, பூட்டு மாட்டிய கையைக் கலந்தாலோசிக்கவில்லை.

சரோஜா பூட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு பூட்டு இருந்தப்ப ஒருத்தர் கால்ல வுழுந்தா போதும். இப்ப மூணு பேர் கால்ல வுழணுமா? இதுக்குத்தான் ஜெயிச்சீங்களா?"

பணியாரத்தை நானே தின்றேன்.

ஒன்பது நாள்கள் மூவரும் ஒரே நேரத்தில் கேட்டருகே கூட இயலவில்லை. ஒருவர் இருந்தால் இருவர் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் நேரம் குறித்தோம், மாற்றினோம், மீண்டும் குறித்தோம். பழைய ஆட்சிகூட இவ்வளவு மோசமில்லை என்று பின்சந்தில் பேச்சு எழுந்தது. கூட்டணிகள் கவிழ்வது இப்படித்தான் என்பதை உணர்ந்தேன். எதிரியால் கவிழ்வதில்லை, எல்லாரிடமும் தடுக்கும் உரிமை மட்டும் இருப்பதால் கவிழ்கின்றன.

ஒன்பதாம் நாள் மாலை, எங்கள் தொழிற்சாலையின் பின்வாசல் நினைவுக்கு வந்தது. ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ், செக்யூரிட்டி என்று மூன்று பிரிவுகள் அவ்வாசலைப் பயன்படுத்தின. எவரும் எவரையும் நம்பவில்லை. ஆயினும் வாசல் ஒருநாளும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. எப்படி? அங்கே மூன்று பூட்டுகளும் ஒரு தாழ்ப்பாளில் தொங்கவில்லை. ஒரு சங்கிலி, அதன் ஒரு முனையில் முதல் பூட்டு, அப்பூட்டின் வளையத்துள் இரண்டாம் பூட்டு, அதனுள் மூன்றாவது, அது சங்கிலியின் மறுமுனையில். வரிசையில் எது திறந்தாலும் சங்கிலி அவிழ்ந்துவிடும். அந்த வாசலைப் பராமரித்தவனே நான்தான்!

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் வரவழைத்து, சங்கிலியைப் பூட்டிக் காட்டினேன். கெம்பண்ணா உற்றுப் பார்த்தார்.

"அப்போ நான் பூட்டினா நீங்க திறக்கலாமா?"

"என் பூட்ட திறந்துகினு போவேன்."

"நீங்க பூட்டினா மாலதி அவ்ரு?"

"அவ பூட்ட திறப்பா."

"அப்புறம் பூட்டு எதுக்கு ஸ்வாமி?"

"உங்க பூட்ட உங்களத் தவிர யாரும் தொட முடியாது தலைவரே. ஆனா உங்களுக்காக யாரும் நிக்கவும் வேணாம்."

அவர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். தம் சாவியால் ஒருமுறை திறந்து பார்த்தார், பூட்டினார், மாலதியைத் திறக்கச் சொன்னார், மறுபடி தாமே திறந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட மனிதர் விளையாட்டுச் சாமான் கிடைத்தவரைப் போல நின்றார்.

"அம்மாவ கூட்டிட்டு வாப்பா," என்றாள் மாலதி. "லீவ் போட்டுட்டேன்."

நான்கு நிமிட வழியைச் சரோஜா பதினைந்து நிமிடத்தில் கடந்தாள். நடுவில் இருமுறை நின்றாள். ஒருமுறை முழங்காலுக்காக, ஒருமுறை பூங்காவில் பூத்திருந்த செம்பருத்திக்காக. மகள் கையைப் பிடித்தபடி லிஃப்டுக்குள் நுழைந்தாள். சற்று நேரத்தில் மூன்றாம் மாடி பால்கனியில் அவளும் வந்து நின்று, எங்கள் வாசலை நோக்கிக் கையசைத்தாள். நான் கேட்டருகே நின்றேன். பதிலுக்குக் கையசைக்கச் சற்றுத் தாமதமாயிற்று.

7

நான்காம் நாள் சங்கிலியில் ஒரு புதிய பூட்டைக் கண்டேன். சிறிய பித்தளைப் பூட்டு, சிவப்பு நூல் கட்டியது. எங்கள் மூவருடையதுமன்று. விசாரித்ததில், தையல் ஆலைப் பெண்கள் தங்களுக்கென ஒன்று வாங்கி வரிசையில் இணைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. அடுத்த வாரம் பால்காரர். பிறகு லட்சுமி. கெம்பண்ணா வந்து, "யார் பர்மிஷன் கொடுத்தது?" என்று கேட்டார். பால்காரர் கேனுடன் அவரைத் தாண்டிப் போனார். கெம்பண்ணா இரண்டாம் முறை கேட்கவில்லை. கூட்டணி ஒப்பந்தத்தில் திருத்தம் செய்யலாமா என்று மாலதி குழுவில் எழுதினாள். இம்முறை அவள் எழுதியது ஆங்கில எழுத்தில் தமிழ். முன்னேற்றந்தான்.

இன்று காலை எண்ணினேன். ஏழு பூட்டுகள். மாலைபோல் கேட்டில் தொங்குகின்றன. விடிவதற்கு முன் யாரோ ஒருவர் திறக்கிறார். பிறகு பூட்டுவதற்கு எவருக்கும் நேரமில்லை. சைக்கிள் எதுவும் களவு போகவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மதிலுக்கு அப்பால் மூன்றாம் மாடியிலிருந்து சரோஜாவின் குரல் கேட்கிறது. இப்போதெல்லாம் அவளுக்குக் கைபேசி தேவைப்படுவதில்லை.

"ஏங்க! கொழம்பு மூடி வெச்சிகீறேன். நீங்களே போட்டுகினு துன்னுங்க! நான் சாயங்காலம்தான் வருவேன்!"

போட்டுக்கொண்டு உண்டேன். குழம்பில் உப்பு சற்றுக் குறைவு. சொல்லலாமென்று திரும்பினேன்; வீட்டில் ஆளுங்கட்சியாகிய நான் மட்டுமே இருந்தேன், எதிர்க்கட்சி மூன்றாம் மாடியில்.